பல் அச்சுப் பவுடரில் அப்பத்தாவின் கை

அப்பத்தாவின் வலது கையை வெண்கலத்தில் வார்த்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அச்செடுக்க வாங்கியது பல் டாக்டர்கள் வாயில் அளவெடுக்கும் ஆல்ஜினேட் பவுடர், 450 கிராம் பாக்கெட். 5க்கு 4 கொடுப்பேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவெல்லாம் பல்லுக்கானது. மணிக்கட்டு வரை கை மூழ்க எனக்கு இரண்டு பாக்கெட்டும் 2 லிட்டர் தண்ணீரும் ஆனது. சீக்கிரம் இறுகிவிடும் வேறு, முதல் தடவை குழாய்த் தண்ணீரில் கலக்கி முடிப்பதற்குள்ளேயே கட்டி தட்டி அத்தனையும் வீண். அடுத்த தடவை ஐஸ் தண்ணீர், டிரில்லில் மாட்டிய கலக்கி; நிதானமாகக் கையை இறக்க நேரம் கிடைத்தது. இறுகியதும் விரல்களை லேசாக அசைக்கச் சொன்னேன், உள்ளே காற்றுப் புகுந்து கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம் மெழுகு. வெண்கலத்தில் வார்க்க முதலில் மெழுகில் ஒரு கை வேண்டும், பட்டறையில் அந்த மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில்தான் வெண்கலம் ஊற்றுவார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றவே ஊற்றாதீர்கள். அச்சு முழுக்கத் தண்ணீர்தான், சூடு பட்டால் ஆவி கிளம்பி மெழுகில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும் (நல்ல வேளை, முதலில் என் கட்டைவிரல் அச்சில்தான் ஊற்றிப் பார்த்தேன்). சட்டி ஓரத்தில் ஏடு கட்ட ஆரம்பிக்கும்போது ஊற்றி, விரல் நுனியில் காற்று அடைக்காமல் அச்சைச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி ஊற்றி, சுவர் 4, 5 மில்லிமீட்டர் வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். அதையும் அன்றைக்கே செய்யுங்கள், ஆல்ஜினேட் காயக் காயச் சுருங்கும். வெறும் பாரபின் மெழுகு வேண்டாம், உடையும். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் செய்வதுபோல் தேன்மெழுகோடு குங்கிலியப் பிசினும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்தேன். 200 கிராம் மெழுகு பிடித்தால் வெண்கலம் 2 கிலோவுக்குப் பக்கம் போகும், பட்ஜெட் போடும்போது நினைவிருக்கட்டும்.

அச்சைப் பிய்த்தெடுத்தபோது அப்படியே நின்றுவிட்டேன். ரேகை, நகக்கண், பாக்குவெட்டி பட்ட பழைய வடு, எல்லாம் மெழுகில் இருந்தது. சுண்டுவிரல் நுனி மட்டும் குறை, அதைப் பட்டறையில் ஸ்தபதி சூடான கம்பியால் ஒட்டிச் சரிசெய்தார். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "ஐயா, அந்த வடுவை மட்டும் தேய்ச்சிடாதீங்க."