இஸ்தான்புல்லில் காபி வகுப்பு, கப்பு ஜோசியம் என்று 21,400 ரூபாய் போச்சு. தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள்

இரண்டு பேருக்கு முன்பதிவுக் கட்டணம் 12,600. அங்கே போன பிறகு உள்ளறையில் வைத்துக் கறந்தது 8,800. ஆக 21,400 ரூபாய். துருக்கி போகிற திட்டத்தில் இருப்பவர்கள், ‘துருக்கி காபி போடக் கற்றுக்கொள்ளுங்கள், கப்பில் குறி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எச்சரிக்கைக் குறிப்புகளும் போடுகிறேன்.

முன்பதிவு செய்தது, போகிற ஊரில் ‘அனுபவம்’ விற்கிற பெரிய செயலி ஒன்றில். பெயர் கேட்காதீர்கள். அவர்கள் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலில் ‘அவதூறு’ என்ற சொல்லை நாசூக்காகச் செருகியிருக்கிறார்கள். வகுப்பு நடந்த இடம் பேயோலு பக்கம், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடி. அவ்வளவு போதும்.

விளம்பரத்தில் இருந்தது இது: இரண்டரை மணி நேரம். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம். ஒவ்வொருவரும் உங்கள் கையாலேயே ஜெஸ்வேயில் காபி காய்ச்சுவீர்கள் (ஜெஸ்வே என்பது நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரம்). குடித்து முடித்த கப்பைத் தட்டின் மேல் கவிழ்த்து, மண்டி வழிந்து உண்டாகும் உருவங்களைப் படிக்கப் பாட்டி வழி வந்த முறையில் பழக்குவோம். இதை அங்கே ஃபால் என்கிறார்கள். துருக்கியின் காபி மரபை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என் அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கிளம்பிய பயணம் இது. ஹாகியா சோஃபியாவைவிட இந்த வகுப்பின் மேல்தான் அவருக்கு ஆசை.

பணம் கட்டியதும் ஒரு படிவம் வந்தது. யாருடன் வருகிறீர்கள், என்ன வேலை, ஏதாவது விசேஷமா, ‘உங்களுக்காகவே தயார் செய்ய’ இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். நான் விவரமாக எழுதினேன். அண்ணி ஓய்வு பெற்றிருக்கிறார், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மூட்டு வலி உண்டு, படி அதிகம் இருந்தால் சொல்லுங்கள். இந்தப் படிவத்தை நினைவில் வையுங்கள்.

அன்று இரவே வகுப்பு நடத்தும் அம்மணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. ‘படி கொஞ்சம் உண்டு, அம்மாவை நானே கைபிடித்து ஏற்றிவிடுகிறேன்’ என்று குரல் பதிவு. தன் பாட்டியின் கருப்பு வெள்ளைப் படம், அவர் வைத்திருந்த காபி அரைக்கும் பித்தளை உருளை, தட்டில் ரோஜா லோகும் (துருக்கி மிட்டாய்) என்று படம் படமாக வந்து விழுந்தன. நாங்கள் போனபோது சொன்னபடியே கீழே வந்து நின்றார் அந்த அம்மணி. அண்ணியின் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். கன்னத்தோடு கன்னம் வைத்தார், செருப்புக் கொடுத்தார், ‘நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, விருந்தாளி’ என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ‘ஒரு கப் காபிக்கு நாற்பது வருஷ நன்றி உண்டு என்பது எங்கள் ஊர்ப் பழமொழி’ என்றார். அந்தப் பழமொழி நிஜம்தான். சொன்ன வாய்தான் சரியில்லை. அண்ணி என் காதில், ‘நம்ம ஊர்ல சொந்தக்காரங்களே இப்படிக் கூட்டிட்டுப் போகமாட்டாங்கம்மா’ என்றார். கையில் இருந்த பையை, கண்ணாடி உட்பட, என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எட்டுப் பேர் என்றார்களா, நான் எண்ணியபோது பதினாறு. மேசையில் ஒரே ஒரு ஜெஸ்வே. ஓரமாகச் சுடுமணல் தட்டு ஒன்று இருந்தது, மணலில் ஜெஸ்வேயைப் புதைத்துக் காய்ச்சுவார்களே, அது. அதில் சூடே இல்லை. ஆளுக்கு ஒரு தடவை ஜெஸ்வேயைப் பிடித்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், முடிந்தது ‘காய்ச்சுதல்’. பிறகு உள்ளிருந்து தட்டு நிறையக் கப்புகள் வந்தன. நுரை பேருக்குக்கூட இல்லை. கதவு திறந்தபோது மின்சாரக் காபி இயந்திரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். யாரையும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கவில்லை, எல்லாருக்கும் ஒரே தித்திப்பு. துருக்கி காபியில் சர்க்கரை காய்ச்சும்போதே சேர்ப்பது. அதனால் முன்கூட்டியே சாதே (சர்க்கரை இல்லாமல்), ஓர்த்தா (அளவாக), ஷெகெர்லி (தித்திப்பாக) என்று கேட்டுக்கொண்டுதான் அடுப்பில் வைப்பார்கள். கேட்கவே இல்லை என்றால் நமக்காக யாரும் காய்ச்சவில்லை என்று அர்த்தம்.

நடுவில் சரித்திரம் வேறு. இஸ்தான்புல்லின் முதல் காபிக்கடை ‘இதோ இந்தத் தெருவில்’ இருந்ததாம். பெச்செவி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தபடி, பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அலெப்போவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த இரண்டு பேர் கடை திறந்தது தஹ்தகாலேயில். அது கோல்டன் ஹார்ன் என்ற கடற்கழிக்கு அக்கரை, பேயோலு பக்கமே இல்லை. காசு வாங்கிச் சொல்கிற பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா?

சரி, நான் ஒன்றும் தெரியாமல் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலை நாங்கள் தங்கிய சின்ன ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுகிற பெண்மணி (எல்லாரும் ‘அப்லா’ என்று கூப்பிடுவார்கள், நம்ம அக்கா மாதிரி) அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்து, எங்களைச் சமையலறைக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டு போனார். எந்தக் கப்பில் குடிக்கப் போகிறோமோ அதே கப்பால் குளிர்ந்த தண்ணீரை அளந்தார். மாவு போல அரைத்த தூள், ஒரு கப்புக்குக் கோபுரமாக இரண்டு சின்னக் கரண்டி. சர்க்கரை கேட்டுவிட்டுப் போட்டார். கலக்குவதெல்லாம் அடுப்பில் வைக்கும்போதே முடிந்துவிட வேண்டும், நுரை கட்ட ஆரம்பித்தபின் கரண்டியே படக்கூடாது. சிறுதீ. ஓரத்திலிருந்து நுரை உள்நோக்கி எழும்பியதும் அதை எடுத்து ஒவ்வொரு கப்பிலும் கொஞ்சம் வைத்தார். திரும்ப அடுப்பில் வைத்து, பொங்கி எழும் நேரத்தில் ஊற்றினார். தளதளவென்று கொதிக்க விட்டால் நுரை போச்சு, நுரை இல்லாமல் விருந்தாளிக்குக் கொடுப்பது மானக்கேடு என்று கையாலேயே ஜாடை காட்டினார். அடுத்த ஜெஸ்வேயை அண்ணி வைத்தார், அதற்கடுத்தது நான். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்குக் காபியில் உப்புப் போட்டுக் கொடுப்பது அங்கே வழக்கமாம், முகம் சுளிக்காமல் குடிக்கிறானா என்று பார்க்க. அண்ணி மகளுக்கு வரன் பார்க்கிறோம் என்றதும் அப்லா உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இதற்கெல்லாம் அவர் வாங்கிய காசு சுழியம். நாங்கள் நீட்டியதும் கோபித்துக்கொண்டார்.

மேல்மாடிக்கு வருகிறேன். கப்பு படிக்கும் பகுதி. கப்பைத் தட்டால் மூடி, லேசாகச் சுற்றி, நம் பக்கமாகக் கவிழ்த்து, அடிப்பாகம் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சீக்கிரம் ஆற மோதிரமோ காசோ மேலே வைப்பார்கள். அம்மணிக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. சூடாக இருக்கும்போதே புரட்டினார், மண்டி இறங்கவே இல்லை, எல்லாம் ஒரே சேறு. எந்த உருவத்துக்கு என்ன பொருள் என்று சொல்லிக்கொடுக்க ஒரு தாள் கொடுத்தார்கள்: மீன் என்றால் அதிர்ஷ்டம், பறவை என்றால் செய்தி, பாம்பு என்றால் பகை. இது இணையத்தில் எங்கும் கிடைக்கிற சமாச்சாரம். ‘கற்றுக்கொடுத்தல்’ அந்தத் தாளோடு சரி.

பிறகு ஆளாளுக்குப் பலன் சொன்னார். அண்ணியின் கப்பை எடுத்தார். ‘ஒரு பெரிய கட்டடத்தை விட்டு வெளியே வருகிறீர்கள். வேலை முடிந்துவிட்டதா? ஒரு மோதிரம் தெரிகிறது. உங்களுக்கு இல்லை, உங்கள் பெண்ணுக்கு.’ அண்ணி வாயடைத்துப் போனார். நான் அப்போதே சொன்னேன், ‘அண்ணி, இதெல்லாம் நான் படிவத்துல எழுதினதுதான்.’ அவர் காதில் விழவில்லை. அம்மணி சட்டென்று முகத்தை மாற்றி, கப்பின் காதைத் தொட்டுக் காட்டினார். காதுப் பக்கம் என்றால் வீடு. ‘இங்கே பாம்பு இருக்கிறது. இதை எல்லார் முன்னாலும் சொல்ல முடியாது, ஜானிம்.’ ஜானிம் என்றால் ‘என் உயிரே’.

உள்ளறைக்கு அண்ணியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் எழுந்தபோது ஒரு பையன் லோகும் தட்டோடு குறுக்கே நின்றான். உள்ளே நடந்ததை அண்ணி அழுதுகொண்டே பிறகுதான் சொன்னார். பெண்ணின் கல்யாணத்தை யாரோ கண்வைத்துத் தடுக்கிறார்களாம். ஈயம் உருக்கித் தண்ணீரில் ஊற்றித் திருஷ்டி கழிப்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம், அதை ‘உங்கள் பேரில் செய்கிறேன்’ என்றாராம். எவ்வளவு என்று கேட்டதற்கு ‘உங்கள் மனசுக்குத் தோன்றியது’. மங்கிய விளக்கு, கையில் கண்ணாடி இல்லை, கார்டு இயந்திரத்தை நீட்டினார், அண்ணி பின் எண்ணைப் போட்டார். 8,800. அதுவும் லிராவில் போடாமல் ரூபாய்க்கு மாற்றி, அவர்கள் இயந்திரம் வைத்த விகிதத்தில். வெளியே வந்தபோது கையில் ஒரு நீலக்கண் மணி. இஸ்தான்புல்லின் எமினோனு கடைத்தெருவில் தோரணமாகத் தொங்குகிறதே, அதே மணி.

ஐம்பது நிமிடத்தில் எல்லாரையும் கீழே இறக்கிவிட்டார்கள். இறங்கும்போது அண்ணியின் கையைப் பிடிக்க ஆள் இல்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ரசீதை ஹோட்டலில் வைத்துப் படிக்கச் சொன்னோம். அதில் ‘செம்பு ஜெஸ்வே செட்’ என்று இருக்கிறது! ஜெஸ்வேயும் இல்லை, செட்டும் இல்லை. ஹோட்டல்காரர்தான் விளக்கினார். 1925-ல் தர்காக்களையும் மடங்களையும் மூடக் கொண்டுவந்த 677-ம் எண் சட்டம் குறி சொல்வதையும் தடை செய்கிறது. அதனால்தான் ஃபால் பார்க்கும் கடைகளில் காபிக்குத்தான் விலை, குறி இலவசம் என்று வைத்திருப்பார்கள். காசு வாங்கிக் குறி சொன்னதாக ரசீது எழுத முடியாது, ஆகவே பாத்திரம் விற்றதாக எழுதிவிட்டார்கள்.

செயலிக்கு அன்றிரவே எழுதினேன். முதலில் ஒரு இயந்திரப் பதில்: ‘உங்கள் அனுபவம் எதிர்பார்ப்புக்கு ஏற்ப இல்லாததற்கு வருந்துகிறோம்.’ வருத்தத்தை வைத்து என்ன செய்ய? திரும்ப எழுதினேன். ‘அனுபவம் நிகழ்ந்துவிட்டது, நீங்கள் கலந்துகொண்டதற்குப் புகைப்பட ஆதாரம் உள்ளது.’ ஜெஸ்வேயைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம்தான் அந்த ஆதாரம்! எட்டுப் பேர் என்றீர்களே, பதினாறு பேர் என்றேன். ‘எண்ணிக்கை மாறுதலுக்கு உட்பட்டது.’ 8,800 பற்றிக் கேட்டேன். ‘அது நீங்கள் கடையில் தனியாகப் பொருள் வாங்கியது, எங்களுக்குச் சம்பந்தமில்லை.’ ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் ஒருவர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் 21,400-க்குப் பதிலாக, அடுத்த முன்பதிவில் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அடுத்த முன்பதிவாம்!

அம்மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். முதலில் இதயப் படம். பிறகு ‘உங்கள் அண்ணி சந்தோஷமாகப் போனாரே’. பிறகு இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. இப்போது அவர் முகப்புப் படமே எனக்குத் தெரிவதில்லை. விமர்சனம் எழுதினேன், ‘பரிசீலனையில்’ என்று நிற்கிறது. நாலே முக்கால் நட்சத்திரம் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது.

வங்கியில் கேட்டால், பின் எண் போட்ட பரிவர்த்தனை, நீங்கள் ஒப்புக்கொண்டது என்கிறார்கள். ரசீதில் உள்ள பொருள் கைக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். 12,600-க்குத் தனிப் படிவம், 8,800-க்குத் தனிப் படிவம். பார்ப்போம்.

குறிப்புகள் என்று சொன்னேன். அண்ணி இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை, காலையில் பஸ், சுருக்கமாக எழுதுகிறேன்.

முன்பதிவுப் படிவத்தில் சொந்த விஷயம் ஒரு வரிகூட எழுதாதீர்கள். காபி காய்ச்சும் முன் சர்க்கரை கேட்கவில்லை என்றால் அங்கேயே எழுந்து பணத்தைக் கேளுங்கள், படத்துக்கு நிற்காதீர்கள். தனி அறைக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். கார்டு இயந்திரம் லிராவா ரூபாயா என்று கேட்டால் லிரா, அதுவும் நீங்களே அழுத்துங்கள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டிவிட்டு மாடி இறங்குங்கள். துருக்கிக்குள் இருக்கும்போதே 175 என்ற நுகர்வோர் எண்ணைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். தூள் வேண்டுமென்றால் மசாலாச் சந்தை வாசலில் 1871-லிருந்து இருக்கும் மெஹ்மெத் எஃபெந்தி கடையில் வரிசையில் நின்று வாங்கலாம், அதற்கு வகுப்பு தேவையில்லை.

வங்கியிலிருந்து பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். இதே மேல்மாடிக்குப் போய்ப் பணம் இழந்தவர்கள் யாராவது இருந்தால், ‘ஜெஸ்வே செட்’ ரசீது உங்களிடமும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ரசீது சேர்ந்தால் செயலிக்காரர்களால் ‘தனியாகப் பொருள் வாங்கியது’ என்று சொல்ல முடியாது.