5 வோல்ட் போர்ட்டில் 48 வோல்ட் மைக்: எந்த வழியில் போகலாம்?

யூஎஸ்பி போர்ட்டில் வருவது 5 வோல்ட். வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியிருக்கும் கண்டென்சர் மைக் கேட்பது 48 வோல்ட். இந்த இரண்டு எண்களையும் பார்த்த உடனே பலர், லேப்டாப்பால் இது ஆகாது, சுவரில் செருகும் அடாப்டரோடு தனி ஃபாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட்) பெட்டி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மைக், ஸ்டாண்ட், பெட்டி, கேபிள் என்று எல்லாவற்றையும் ஒரே செட்டாக ஆன்லைனில் விற்கிறார்கள். விலையும் குறைவு. கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 மைக் 48 வோல்ட்டில் சுமார் 2 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டே 500 மில்லி ஆம்பியர், 2.5 வாட் தரும். 5 வோல்ட்டை 48 ஆக உயர்த்தும் சர்க்யூட் முப்பது சதவீதத்தை வெப்பமாக வீணடித்தாலும், லேப்டாப் பக்கம் இருந்து போவது முப்பது மில்லி ஆம்பியருக்குள். ஃபாண்டம் பவர் தரநிலையின்படி ஒரு மைக் அதிகபட்சமாக இழுக்கக்கூடிய 10 மில்லி ஆம்பியரை எடுத்தாலும் மைக் பக்கம் அரை வாட்டைத் தாண்டாது. ஆக, போர்ட்டுக்குச் சக்தி போதாது என்பது கதை. 5 வோல்ட்டை 48 ஆக்கும் வேலை எங்கே நடக்கிறது, ஒலி எந்த வழியாக லேப்டாப்புக்குள் போகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும். எந்த வழி தேறும், எது தேறாது என்பது அதில் தெரிந்துவிடும்.

(இந்த 48 எங்கிருந்து வந்தது என்றால், நார்வேயிலிருந்து. 1966-இல் நாய்மன் நிறுவனம் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்துக்காக டிரான்சிஸ்டர் மைக் செய்தபோது, அவர்களுடைய ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. இருந்ததையே மைக்குக்கும் கொடுத்துவிட்டார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.)

சரி, அந்த ஃபாண்டம் பெட்டி. பெட்டியில் குறை ஒன்றும் இல்லை, 48 வோல்ட்டை ஒழுங்காகத்தான் கொடுக்கும். அடாப்டருக்குப் பதில் யூஎஸ்பி வயரில் ஓடும் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் அந்த யூஎஸ்பி வயரில் கரன்ட் மட்டும்தான் போகும், ஒலி போகாது. வாங்கியவர்களில் பலருக்கு இது பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. ஒலி, பெட்டியின் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் செருகும் மூன்று பின் வட்ட இணைப்பு) வாசலிலிருந்து 3.5 மிமீ பின் வழியாக லேப்டாப்பின் மைக் துளைக்குள் போக வேண்டும். வம்பு அங்கேதான். இன்றைய லேப்டாப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை, நான்கு தொடுமுனைப் பின். செட்டில் வரும் மூன்று தொடுமுனைப் பின்னைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்றே நினைத்துக்கொள்ளும்.

அதற்கு ஒரு அடாப்டர் வாங்கினால், அல்லது தனி மைக் துளை உள்ள பழைய லேப்டாப் என்றால், அடுத்த சிக்கல். எக்ஸ்எல்ஆரின் 2, 3 பின்கள் இரண்டிலும் ஒரே ஒலிதான், ஆனால் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். சில கேபிள்களில் இந்த இரண்டும் 3.5 மிமீ பின்னின் இடது, வலது முனைகளில் நேராக இணைக்கப்பட்டிருக்கும். ஸ்டீரியோ துளையில் செருகினால் இடது காதில் நேர், வலது காதில் தலைகீழ். ஹெட்போனில் குரல் தலைக்குள் எங்கேயோ மிதக்கிற மாதிரி இருக்கும். அதை மோனோவாக்கினால், அதாவது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரலே காணாமல் போய்விடும்! ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்டால் வெறும் மௌனம். மைக் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இத்தனையும் தாண்டி வந்தாலும், கடைசியில் ஒலியை வாங்குவது வீடியோ அழைப்புக்காக மதர்போர்டில் வைத்த மைக் சர்க்யூட். அதன் இரைச்சலுக்கு நடுவே மைக்கின் தரத்தைத் தேட வேண்டியதுதான். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. நினைத்த அளவு காசு மிச்சமும் இல்லை: பெட்டியோடு கேபிள், அடாப்டர் செலவும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில் பிஎம் 800 என்ற பெயரில் பலரும் விற்கும் மலிவு மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதை லேப்டாப் துளையில் நேராகச் செருகினாலும் சன்னமாகப் பேசும். பெரிய மைக் மாதிரி உருவம் இருந்தாலும், பலவற்றுக்குள் இருப்பது சிறிய எலக்ட்ரெட் கேப்சூல் (நிலையான மின்னூட்டத்தைத் தன்னிடமே வைத்திருக்கும், ஒலியை வாங்கும் பகுதி). அதற்கு மைக் துளையில் வரும் சில வோல்ட்களே போதும். இதைப் பார்த்துவிட்டு உண்மையான 48 வோல்ட் மைக்கும் அப்படிப் பேசும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது மூச்சுகூட விடாது.

அடுத்தது, மைக்கின் வாலில் செருகும் குட்டிக் கருவிகள். ஷூர் எக்ஸ்2யூ, எம்விஎக்ஸ்2யூ, ப்ளூ ஐசிக்கிள் போன்றவை. விரல் நீளக் குழாய்க்குள் 48 வோல்ட், மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், டிஜிட்டல் மாற்றி எல்லாம் இருக்கும். மறுமுனையில் யூஎஸ்பி கேபிள், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்பவர்களுக்கு இது வசதி. ஆனால் ஒரு மைக்குக்கு மேல் இடமில்லை, மைக்கின் பின்னால் எடை தொங்குவதால் மலிவு மேசை ஸ்டாண்ட் சாயவும் செய்யும். ஐசிக்கிளில் ஹெட்போன் துளையும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: பார்க்க வெறும் கேபிள் மாதிரியே இருக்கும் எக்ஸ்எல்ஆர்–யூஎஸ்பி வயர்களும் கடையில் உண்டு. பெரும்பாலானவற்றில் 48 வோல்ட் இல்லை, மின்சாரமே கேட்காத டைனமிக் மைக்குக்கு மட்டும்தான் ஆகும். விவரத்தில் '48 வோல்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

யூஎஸ்பி மைக் என்றால் ஃபாண்டம் பவர் என்ற பேச்சே இல்லை. கேப்சூலுக்கு என்ன வேண்டுமோ அதை உள்ளேயே செய்துகொள்ளும். ஒரே வயர், ஒரே குரல், மேசையில் வைத்துப் பேசும் வேலை என்றால் இதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். மேலே சொன்ன ஏடி2020-யே யூஎஸ்பி வடிவிலும் கிடைக்கிறது. பிடிக்காத விஷயம் ஒன்றுதான்: ப்ரீஆம்ப் பிடிக்கவில்லை என்றாலோ, யூஎஸ்பி சாக்கெட் ஆட்டம் கண்டாலோ, மைக்கையே மாற்ற வேண்டும். எக்ஸ்எல்ஆர் மைக் பத்து வருஷம் கழித்தும் ஃபாண்டம் பவர் உள்ள எந்த மிக்சரிலும் ஓடும்.

அதனால்தான் ஏற்கெனவே எக்ஸ்எல்ஆர் கண்டென்சர் கையில் இருப்பவர்களுக்கும், நாளைக்கு இன்னொரு மைக் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் நான் சொல்வது போர்ட்டின் கரன்ட்டிலேயே ஓடும் சின்ன இன்டர்ஃபேஸ், அதாவது மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்து, ஒலியை டிஜிட்டலாக்கி யூஎஸ்பியில் அனுப்பும் பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்2, எம்-ஆடியோ எம்-டிராக் சோலோ என்று ஆரம்பநிலையிலேயே நிறைய உண்டு. எல்லாவற்றிலும் 48 வோல்ட் பட்டன் இருக்கிறது. வித்தியாசம் ப்ரீஆம்ப்பில்தான். மலிவு வகைகளில் கெய்னை (ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) கடைசி வரை திருப்பினால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் கிளம்பும். நல்ல வேளையாகக் கண்டென்சர் மைக்குக்கு அவ்வளவு கெய்ன் தேவைப்படாது. ஜூம் எச்5 மாதிரிக் கையடக்க ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்கவேண்டாம், அதுவே யூஎஸ்பியில் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும், ஃபாண்டம் பவரும் தரும்.

இன்டர்ஃபேஸ் 48 வோல்ட்டை உண்மையில் கொடுக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் போதும். மைக்கைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் 1-ஆம் பின்னுக்கும் 2-க்கும் நடுவே அளந்தால் 44-இலிருந்து 52 வோல்ட் வரை இருக்க வேண்டும். 3-ஆம் பின்னிலும் அதே. மைக்கைச் செருகிய பிறகு இந்த எண் இறங்கும், பயப்படாதீர்கள். ஒவ்வொரு பின்னிலும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. 2 மில்லி ஆம்பியர் இழுக்கும் மைக் என்றால் பின்னுக்கு 1 மில்லி ஆம்பியர், 6.8 வோல்ட் குறையும். மைக்குக்குக் கிடைப்பது 41 சொச்சம். தரநிலையே அப்படித்தான்.

போர்ட்டில் உண்மையாகவே சக்தி போதாமல் போகும் ஒரு சூழ்நிலை உண்டு: தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2.0 ஹப் (ஒரு போர்ட்டைப் பல துளைகளாக்கும் பெட்டி). அது வாங்கும் 500-இல் 100-ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. இன்டர்ஃபேஸின் டிஜிட்டல் மாற்றிக்கும் ஹெட்போன் ஆம்ப்புக்குமே அது பற்றாது. 48-ஐப் போட்ட உடனே இன்டர்ஃபேஸ் அணைந்து அணைந்து எரிந்தால் குற்றவாளி மைக் இல்லை, ஹப்தான். லேப்டாப்பில் நேராகச் செருகிப் பாருங்கள்.

இரைச்சல் விஷயத்தில் எல்லா யூஎஸ்பி வழிகளும் ஒரே குடும்பம். யூஎஸ்பி தரவு ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு கட்டாகப் போகும், அதிவேக (ஹை ஸ்பீட்) வகையில் அதிலும் எட்டில் ஒரு பங்கு இடைவெளியில். அதன் தடம் 5 வோல்ட் வயரில் ஒட்டிக்கொண்டால் 1 கிலோஹெர்ட்ஸிலோ 8 கிலோஹெர்ட்ஸிலோ மெல்லிய கீச்சொலியாகக் கேட்கும். நல்ல இன்டர்ஃபேஸ்கள் வடிகட்டிவிடும், மலிவானவை விட்டுவிடும். வேறு போர்ட்டுக்கு மாற்றினால் சில சமயம் தீரும். கனமான 'ம்ம்ம்' என்ற சத்தம் வேறு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் மைக்கை விட்டுவிட்டு வீட்டு எர்த்தைக் கவனிக்க வேண்டும், அதுவரை பேட்டரியிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

இருவர் பேசும் பாட்காஸ்ட் என்றால் மட்டும், இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கலாமே என்ற ஆசையைத் தள்ளிவையுங்கள். இரண்டும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடும். பத்து லட்சத்தில் ஐம்பது என்ற அளவு வித்தியாசம் இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 0.2 செகண்ட் விலகிவிடும். ஒருவர் சிரித்து முடித்த பிறகு மற்றவர் மைக்கில் அந்தச் சிரிப்பின் எதிரொலி வரும். இரண்டு எக்ஸ்எல்ஆர் வாசல் உள்ள ஒரே இன்டர்ஃபேஸ் என்றால் கடிகாரமும் ஒன்றுதான். சோலோ வகைகளில் எக்ஸ்எல்ஆர் வாசல் ஒன்றுதான் என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.