'ஹார்ட் ரிதம்' கேப்ஸ்யூல்: புட்டியைத் திருப்பிப் படித்தால்

மெக்னீசியம் டாரேட், டாரின், கோ-என்சைம் க்யூ10, ஹாதார்ன் என்ற மூலிகையின் சாறு, வைட்டமின் பி6, துளி பொட்டாசியம். 'இதயத் துடிப்பைச் சீராக வைக்க' என்று முகப்பில் அச்சிட்டு வரும் கூட்டுக் கேப்ஸ்யூல்களின் பின்பக்கத்தில் பெரும்பாலும் இவற்றில் நாலைந்து இருக்கும். துணைக்கு மீன் எண்ணெய்ப் புட்டி ஒன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ-ஃபிப், என்று மருத்துவர் சொன்ன கையோடு பலர் இந்த இரண்டையும் வாங்கிவிடுகிறார்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டுக் கேப்ஸ்யூல் வேண்டாம். மீன் எண்ணெயை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மெக்னீசியம் மட்டும், அதுவும் உடம்பில் குறைவு இருப்பவர்களுக்கு, தனியாக வாங்கத் தக்கது.

ஏ-ஃபிப் வந்தால் இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டு நடுங்கத் தொடங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் பை போன்ற ஒரு மடிப்பு உண்டு. அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ-ஃபிப் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற பிளட் தின்னர் மாத்திரைகள் தடுப்பது இதைத்தான். பூண்டுச் சாறு, நாட்டோகைனேஸ், மீன் எண்ணெய் என்று 'இயற்கையான பிளட் தின்னர்' பெயரில் விற்கும் எதுவும் அந்த மாத்திரையின் இடத்தில் நிற்காது. படபடப்பு நின்றுவிட்டதால் பக்கவாத ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவது, இந்த நோயில் நடக்கும் தவறுகளிலேயே மிகக் கொடியது.

இனி விமர்சனப் பகுதிகளில் குவிந்திருக்கும் ஐந்து நட்சத்திரங்களைப் பற்றி. 'இரண்டே வாரத்தில் படபடப்பு போயே போச்சு' என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. வந்து வந்து போகிற வகை ஏ-ஃபிப் கொத்துக் கொத்தாக வரும். ஒரு மாதம் நாலு தடவை, பிறகு மூன்று மாதம் ஒன்றுமே இல்லை. மோசமான வாரத்தில்தான் ஆள் புட்டி வாங்குகிறார். அடுத்து வரும் அமைதியான காலம் தானாகவே வந்திருக்கும். பெயர் புட்டிக்குப் போகிறது.

மீன் எண்ணெயில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் அதை விரிவாகப் பார்க்க வேண்டும். 'இதயத்துக்கு நல்லது' என்ற பெயர் இதற்கு எப்போதோ வந்து ஒட்டிக்கொண்டது. ஏ-ஃபிப் விஷயத்தில் ஆய்வுகள் சொல்வது நேர் எதிர். 2018இல் வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு வகைகளில் ஒன்றான இ.பி.ஏ.வைச் சுத்திகரித்து, தினம் 4 கிராம் கொடுத்தார்கள். மாரடைப்பு போன்றவை குறைந்தன; ஆனால் ஏ-ஃபிப், ஃபிளட்டர் (மேலறைகள் சீரான அதிவேகத்தில் துடிப்பது) காரணமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இ.பி.ஏ. எடுக்காதவர்களில் 2.1 சதவீதம், எடுத்தவர்களில் 3.1. 2020இல் வந்த ஸ்ட்ரெங்த் ஆய்வில், தினம் 4 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களில் 2.2 சதவீதத்தினருக்குப் புதிதாக ஏ-ஃபிப் வந்தது, எடுக்காதவர்களில் 1.3. ஏழு ஆய்வுகளைச் சேர்த்து, 81,000க்கு மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பில், தினம் 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. 1 கிராமும் அதற்குக் கீழும் என்றால் 12 சதவீதம். 840 மி.கி. அளவில் 25,000 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதே ஆய்வில் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி3யும் ஏ-ஃபிப்பைத் தடுக்கவில்லை. ஆக, அளவு ஏற ஏற ஆபத்து ஏறுகிறது. குறைந்த அளவிலோ பலன் எதுவும் தெரியவில்லை.

லேபிளில் கவனிக்க வேண்டியது '1000 மி.கி. மீன் எண்ணெய்' என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் வரும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 வகைகளின் கூட்டுத்தொகை. சாதாரணக் கேப்ஸ்யூலில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, மொத்தம் 300 மி.கி. இருக்கும். அடர்த்தி கூடிய வகையில் இது 600, 700 என்று ஏறும். அதில் தினம் இரண்டு போட்டாலே 1 கிராமைத் தாண்டிவிடுகிறது, போடுகிறவருக்குத் தெரியாமலே. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்து மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தால் தாமாக நிறுத்தாமல், 'எனக்கு ஏ-ஃபிப் இருக்கிறதே, தொடரலாமா?' என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

மெக்னீசியத்தின் கதை வேறு. இதயத் தசையின் மின்னோட்டத்துக்கு இது உண்மையிலேயே தேவை. ரத்தத்தில் குறைந்தால் பொட்டாசியமும் கூடவே இறங்கும், துடிப்பு தடுமாறும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள், அசிடிட்டிக்கு ஒமெப்ரசோல், பாண்டோப்ரசோல் வகை மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறவர்கள், மது அதிகம் குடிப்பவர்கள், நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் ஆகியோரிடம் இது குறைவது வழக்கம். இவர்களுக்குக் குறைவைச் சரிசெய்வது பலன் தரும். குறைவே இல்லாதவர் மாத்திரையாக விழுங்கினால் ஏ-ஃபிப் நிற்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு எல்லை உண்டு: உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் முடிவு சாதாரண வரம்பின் அடிமட்டத்தில் இருந்தாலே மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்தான்.

வாங்கும்போது ஏமாற்றம் நடப்பது எடைக் கணக்கில். '500 மி.கி. மெக்னீசியம் டாரேட்' என்றால் அதில் மெக்னீசியம் வெறும் 45 மி.கி. சொச்சம்; மீதி முழுக்க டாரின். கிளைசினேட்டில் சுமார் 14 சதவீதம், சிட்ரேட்டில் 16 சதவீதம், ஆக்ஸைடில் 60 சதவீதம். அப்படியானால் ஆக்ஸைடுதானே லாபம் என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி குடலில் ஏறாமல் பேதியாகப் போய்விடும். பேதியானால் பொட்டாசியமும் கூடப் போகும். துடிப்புக்காக வாங்கிய மாத்திரை துடிப்பைக் கெடுக்கிற வழி இதுதான். வயிறு தாங்குவதில் கிளைசினேட் முதலிடம்; மலச்சிக்கலும் சேர்ந்திருப்பவர்களுக்கு சிட்ரேட். லேபிளில் 'எலிமென்டல்' என்று, அதாவது மெக்னீசியத்தின் எடையை மட்டும் குறித்து, போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணே இல்லாத புட்டியைத் திரும்ப வைத்துவிடலாம். தினம் 100 மி.கி. எலிமென்டல் அளவில், சாப்பாட்டோடு, இரவில் தொடங்கி இரண்டு வாரம் பார்த்து 200க்குப் போகலாம். சப்ளிமென்டாக எடுப்பதற்கான மேல்வரம்பு ஐரோப்பாவில் 250, அமெரிக்காவில் 350 மி.கி. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கினால் துடிப்பு அபாயகரமாக மெதுவாகிவிடும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் மெக்னீசியத்தை நிறுத்தி வைப்பதே எளிது.

டாரின் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏ-ஃபிப்பில் பலன் உண்டு என்று காட்டும் பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. கோ-என்சைம் க்யூ10க்கு இதயச் செயலிழப்பில் ஓரளவு சான்று உண்டு. அங்கே கொடுத்தது தினம் 300 மி.கி. கூட்டுக் கேப்ஸ்யூலில் 30 மி.கி. போட்டுவிட்டு அந்தப் பெயரை வாங்கிக்கொள்வது நியாயமே இல்லை. தவிர, அதன் மூலக்கூறு வைட்டமின் கே2வைப் போன்றது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கக்கூடும்; அதாவது மாத்திரையின் பலன் குறையும். ஹாதார்ன், துடிப்பைக் கட்டுப்படுத்தும் டிகாக்ஸின் மாத்திரையோடு சேர்த்து எடுக்கத் தகுந்ததல்ல. பொட்டாசியத்தை மாத்திரையாகவோ, 'சோடியம் குறைந்த உப்பு' என்ற பெயரிலோ தாமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து: ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறும் பக்கம் நிற்கிறது.

இந்தப் புட்டியில் இல்லாமல், பக்கத்துப் புட்டிகளில் ஒளிந்திருப்பவைதான் அதிகம் கெடுக்கின்றன. மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் மூன்றையும் உடம்பு சீக்கிரமே வெளியேற்றும்படி செய்துவிடும். மாத்திரை போட்டும் போடாத நிலை. ஜிங்கோவும், கேப்ஸ்யூலில் அடர்த்தியாக வரும் மஞ்சள், பூண்டுச் சாறுகளும், அதிக அளவு வைட்டமின் ஈயும் பிளட் தின்னரோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். கடற்பாசிக் கேப்ஸ்யூலில் அயோடின் அளவு கட்டுக்கடங்காது. தைராய்டு அதிகமாகச் சுரக்க ஆரம்பித்தால் ஏ-ஃபிப் திரும்பி வரும். உடல் இளைக்க, ஜிம்முக்குப் போகுமுன் குடிக்க என்று வரும் பொடிகளில் சினெஃப்ரின் என்ற தூண்டுபொருளும் ஏராளமான காஃபினும் இருக்கும். அதிமதுரச் சாறு பொட்டாசியத்தை இறக்கும். தலைமுடிக்கென்று எடுக்கும் பயோட்டின் துடிப்பைத் தொடாது, ஆனால் தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்ட வைக்கும். தைராய்டு அதிகம் என்று ஒரு பொய் ரிப்போர்ட் வந்தால் ஏ-ஃபிப் சிகிச்சையே திசை மாறிவிடும். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், பரிசோதனைக் கூடத்திலும் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு புட்டிகளின் செலவை வேறு ஒன்றில் போடலாம் என்றால், இரண்டு விரல்களை வைத்து 30 விநாடியில் ஈ.சி.ஜி. எடுக்கும் சிறு கருவிதான் எங்கள் தேர்வு. கார்டியாமொபைல் இவ்வகையில் பழக்கமான பெயர். சில கைக்கடிகாரங்களும் இதைச் செய்கின்றன. படபடப்பு ஏ-ஃபிப்தானா, வெறும் மிகைத்துடிப்பா (இடையே வரும் கூடுதல் துடிப்பு), பதற்றமா என்று பார்க்கப் பதிவு கிடைக்கிறது. கருவி தடுமாறுவது பெரும்பாலும் எடுக்கும் விதத்தால்: விரல் வறண்டிருப்பது, கை அந்தரத்தில் நிற்பது, நடுவே பேசுவது, பக்கத்தில் சார்ஜர் ஓடுவது. விரலை லேசாக ஈரப்படுத்தி, முழங்கைகளை மேசையில் ஊன்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். துடிப்பு மிக வேகமாக இருக்கும்போதும் மிகைத்துடிப்புகள் நிறைய இருக்கும்போதும் 'வகைப்படுத்த இயலவில்லை' என்று வரும். அந்தப் பதிவையும் அழிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஃபிளட்டர் சீராக 150க்குப் பக்கத்தில் ஓடும்போது கருவி அதை ஏ-ஃபிப் என்று பிடிக்காமல் விடலாம். மாரடைப்பை இது காட்டாது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் கருவியைத் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

எந்த மாற்றத்தைச் செய்வதானாலும், முதலில் எட்டு வாரம் ஒன்றும் மாற்றாமல் பதிவுகளை எடுத்து வைத்து, பிறகு ஒரே ஒரு மாற்றம், அடுத்த எட்டு வாரம் பதிவு. கூட்டுக் கேப்ஸ்யூலை ஒதுக்கச் சொல்வதற்கு இதுவே எங்களுக்கு முக்கியக் காரணம்: நாலைந்து சரக்கு ஒன்றாகப் போனால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரிக்கவே முடியாது.

பழக்கவழக்கங்களில் ஆய்வு தரும் எண்கள் எந்தப் புட்டியும் எட்டாதவை. வாரம் 10 கோப்பையோ அதற்கு மேலோ மது அருந்திவந்த 140 பேரில் பாதிப் பேரை நிறுத்தச் சொன்ன ஆய்வு 2020இல் வந்தது. ஆறு மாதத்தில் ஏ-ஃபிப் திரும்பியது நிறுத்தியவர்களில் 53 சதவீதம், தொடர்ந்தவர்களில் 73. உடல் பருமன் உள்ளவர்கள் 10 சதவீதமாவது எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தபோது, தொல்லையில்லாமல் இருக்கும் வாய்ப்பு 6 மடங்கானது என்றது 2015இன் லெகசி ஆய்வு. எடை ஏறி இறங்கி ஊசலாடியவர்களுக்கு அந்தப் பலனில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. பட்டினி கிடந்து ஒரு மாதத்தில் குறைப்பது உதவாத காரணம் அதுதான். வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி, மெல்லக் கூட்டி வாரம் 210 நிமிடம் வரை. குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளாமல் விடக்கூடாது. இரவில் மூச்சு நின்று நின்று வருவது மேலறையை ஒவ்வொரு இரவும் இழுத்து விரிக்கிறது. வாரம் இரு முறை ஒரு மணி நேரம் யோகா, மூன்று மாதம் செய்த ஒரு சிறிய ஆய்வில் படபடப்பு எபிசோடுகள் 3.8இலிருந்து 2.1 ஆகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் பக்கவிளைவு இல்லாதது. காபியைப் பலர் வீணாக விட்டுவிடுகிறார்கள். ஓரிரு கோப்பை ஏ-ஃபிப்பைத் தூண்டும் என்பதை அண்மை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. குடித்த பின் படபடக்கிறது என்று கருவியில் தெரிந்தால் மட்டும் குறைத்தால் போதும்.

இதையெல்லாம் படிக்குமுன்பே புட்டியைத் திறந்து மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு ஒன்று. வார்ஃபரின் எடுப்பவர் கோ-என்சைம் க்யூ10ஐயோ மூலிகைச் சாறுகளையோ திடீரென்று நிறுத்தக் கூடாது. அவற்றோடு சேர்த்துத்தான் வார்ஃபரின் அளவு நிர்ணயமாகியிருக்கும், நிறுத்தினால் ஐ.என்.ஆர். மாறலாம்; அது ஏறினால் ரத்தக்கசிவு வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தி, ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுத்து வந்தவர்களுக்கு அதன் பாதிப்பு மறைய இரண்டு வாரம் வரை ஆகும். அப்லேஷனுக்கோ (துடிப்பைக் குலைக்கும் மின்பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை) வேறு அறுவைக்கோ நாள் குறித்திருந்தால், புட்டிகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரை மட்டும் சொன்னால் உள்ளே என்ன உப்பு, எத்தனை மில்லிகிராம் என்பது அவர்களுக்குத் தெரியாது.