மினியின் பால் ஜாயின்ட்கள்: ஏழு ஆண்டு, 31,000 மைல்

என்னுடைய 1978 மினி காரில் முன்பக்கப் பால் ஜாயின்ட்களை (ball joint; சக்கரத்தைக் காரின் சஸ்பென்ஷன் கைகளோடு இணைக்கும் குண்டு மூட்டுகள், சக்கரத்துக்கு மேலொன்று கீழொன்று) இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை செய்தது ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 2018இல் செய்தது, ஒன்றைத் தவிர, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஷிம்மில்தான், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத்தில்தான் இருக்கிறது.

பல கார்களில் பால் ஜாயின்ட் முழுப்பொருளாகவே கிடைக்கும். மினியில் குண்டுத் தலை கொண்ட தண்டு (பின்), அது உட்காரும் கிண்ணம், மூடுகிற பெரிய நட்டு, ஷிம் வளையங்கள் என எல்லாம் தனித்தனியாக வரும். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் வைத்து நாம்தான் பொருத்த வேண்டும். ஷிம் குறைந்தால் மூட்டு இறுகும், கூடினால் ஆடும். இறுக்கமாக இருப்பதே பாதுகாப்பு என்று நம்பி, முதல் முறை ஷிம்களைத் தாராளமாக எடுத்துவிட்டேன். திருப்பத்தில் வளைத்த ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து வர வேண்டியிருந்தது.

இரண்டாம் முறை ஒரே மூட்டுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் செலவிட்டேன். 38 மில்லிமீட்டர் சாக்கெட்டால் நட்டை 102 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவேன், பின்னை விரலால் சுழற்றிப் பார்ப்பேன், கழற்றி 0.05 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைச் சேர்ப்பேன், மறுபடி இறுக்குவேன். கெட்டித் தேனில் கரண்டியைச் சுழற்றும்போது கையில் ஓர் எதிர்ப்பு தெரியுமே, எல்லாத் திசையிலும் ஒரே சீராக அது வந்த பிறகுதான் நிறுத்தினேன். கீழ் மூட்டின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சிறு சுருள்வில் உண்டு. அளவு பார்க்கும்போது அதை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தால் ஆட்டத்தை மறைத்துவிடும்.

ஜாக்கி வைக்கும் முன் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இந்தக் காரைத் தாங்குவது பொறியாளர் அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த, சுருள்வில்லுக்குப் பதிலான ரப்பர் கூம்பு. சஸ்பென்ஷன் மேல்கையின் அடியிலுள்ள தடுப்பு ரப்பரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கட்டையைச் செருகிவிட்டுத் தூக்கினால் கூம்பு அமுங்கியபடியே நிற்கும்; மேல் மூட்டு சண்டையில்லாமல் பிரியும்.

3,000 மைலுக்கு ஒருமுறை மூட்டின் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) கிரீஸ் அடிக்கிறேன். அப்படியும் நான்காம் ஆண்டில் வலது கீழ் மூட்டு போய்விட்டது. உதிரிபாகக் கிட்டில் வந்த, மூட்டை மூடும் ரப்பர் உறை வெடித்து, தண்ணீர் புகுந்து, குண்டின் பளபளப்பான முகத்தில் கடுகளவு துருக்குழிகள் விழுந்திருந்தன. உலோகத்தில் குறையே இல்லை. உறைதான் காலை வாரியது. அன்றிலிருந்து உறையைத் தனியாக, நல்ல தரத்தில் பார்த்து வாங்குகிறேன்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓடி (MOT) என்னும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் கொண்டுபோகிறேன். வீட்டிலும் மாதம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்குவேன். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்டில். சென்ற வாரம் உலுக்கியபோது நான்கும் அசையவில்லை.