குழந்தைத் திருமுழுக்கும் விசுவாசியின் முழுக்கு ஞானஸ்நானமும்

கத்தோலிக்கத் திருச்சபையில் கைக்குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரைச் சொல்லிக் குரு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அளிப்பார். குழந்தை எதையும் செய்து சம்பாதிக்கவில்லை, அருள்தான் முந்திக்கொள்கிறது. இறைவன் இலவசமாய்த் தருகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. குரு சொல்லும் "நான் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதை "நாங்கள்" என்று மாற்றினால் திருமுழுக்கு செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே, கூடியிருப்போர் அல்லர். உயிராபத்தில், திருச்சபையின் நோக்கத்தோடு, யாரும் அளிக்கலாம்.

பாப்டிஸ்ட் சபைகளில் விசுவாச அறிக்கை முதலில், தண்ணீர் பிறகு. உடல் முழுதும் மூழ்க வேண்டும். பைபிளில் ரோமர் 6:4 சொல்லும் அடக்கமும் உயிர்த்தெழுதலும் கண்முன் நடக்கும். கிருபை விசுவாசத்தால் ஏற்கெனவே கிடைத்தது, முழுக்கு அதற்குச் சாட்சி.

சிக்கல் சபை மாறும்போதுதான். குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானத்தை பாப்டிஸ்டுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. கத்தோலிக்கரோ தந்தை, மகன், தூய ஆவியார் என்ற திரித்துவப் பெயரில் தண்ணீரால் முறையாகப் பெற்றதை மறுபடி அளிப்பதில்லை.