போட்டோக்களுக்கு ஆன்லைன் பேக்கப்: ஒன்பது வருட அனுபவம்

2015 டிசம்பர் 1 இரவு, சென்னை வெள்ளத்தில், தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, கைக்குக் கிடைத்ததை மாடிக்குத் தூக்கினோம். கேஸ் சிலிண்டர், சர்டிஃபிகேட் ஃபைல், அரிசி மூட்டை, என் லேப்டாப். பீரோவின் கீழ்த்தட்டு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் பழைய ஆல்பங்கள் நான்கும் அங்கேதான் இருந்தன. அவற்றை ஆறு மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து நான் சேர்த்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே தட்டில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன.

ஹார்ட் டிஸ்க்கையாவது காப்பாற்றலாம் என்று துடைத்து, மொட்டை மாடியில் காய வைத்து, கம்ப்யூட்டரில் செருகினேன். கரகரவென்று சத்தம் வந்தது, நின்றுவிட்டது. டேட்டா ரெக்கவரி செய்பவர் பிறகு சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது. காய வைக்கவும் கூடாது, உள்ளே போன சேறு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு ஒரு பையில் போட்டு மூடி அப்படியே கொண்டுபோக வேண்டும்.

கோவையில் இருக்கும் அக்காவுக்கு எப்போதோ டிவிடியில் எழுதிக் கொடுத்த 212 படங்கள் மட்டும் தப்பின. மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் பாட்டி முறத்தோடு உட்கார்ந்திருக்கும் 1974ஆம் வருடப் படம் அதில் இருந்தது. தாத்தா படம் ஒன்றுகூட இல்லை.

2016 மார்ச்சில் ஆன்லைன் பேக்கப்புக்குப் பணம் கட்டினேன். நான் வாங்கியது கம்ப்யூட்டரில் இருக்கும் நம் ஃபைல்கள் எல்லாவற்றையும் இணையம் வழியாகத் தங்கள் சர்வரில் நகலெடுத்து வைக்கும் வகைச் சேவை. வருடத்துக்கு 50 டாலர், அளவுக்கு வரம்பு இல்லை. லேப்டாப், மெமரி கார்டுகள், அக்காவின் டிவிடி எல்லாம் சேர்த்து என்னிடம் அப்போது 310 ஜிபி இருந்தது. அன்றைய வீட்டு பிராட்பேண்டில் அப்லோடு வேகம் 1 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 10 ஜிபி சொச்சம் ஏறும். கணக்குப்படி ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாதாந்திர டேட்டா வரம்பில் அப்லோடும் சேரும் என்பது பதினைந்தாம் நாள்தான் தெரிந்தது. நடுவில் கரண்ட் கட் வேறு. இரவு மட்டும் ஓடும்படி வைத்து, ஜூலையில் ஏற்றி முடித்தேன். இன்று ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். திரும்ப எடுக்கவே முடியாத படங்களை முதலில் ஏற்றுங்கள். நான் பாட்டி படத்தில்தான் தொடங்கினேன்.

அடுத்து எழுதப்போவதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஃபோல்டரை சிங்க் செய்வது வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்பது எல்லாக் கருவிகளையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும், அதன் வேலையே அதுதான். போட்டோ ஆப்களும் ஏறக்குறைய இப்படித்தான். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும், அதாவது கூகுளின் சர்வரிலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். போனில் மட்டும் இடம் காலி செய்ய அதில் தனி வசதி உண்டு.

எங்கள் வீட்டில் 2018இல் நடந்தது இது. வேறொரு சேவையின் சிங்க் ஃபோல்டரில் 2013 என்ற ஃபோல்டரை, லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று என் கணவர் அழித்தார். டெஸ்க்டாப்பில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துதான் செய்தார். டெஸ்க்டாப்பிலும் போய்விட்டது. மகள் பிறந்த வருடம் அது. நான் கவனித்தது 26ஆவது நாள். என் பேக்கப் சேவை அழிந்த ஃபைல்களை 30 நாள் மட்டுமே வைத்திருக்கும். அன்றிரவே முழுவதையும் இறக்கினேன். இன்னும் நான்கு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எழுதும்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அழிந்தவற்றை ஒரு வருடம் வைத்திருக்கும் வசதி பிறகு வந்தபோது முதல் ஆளாக மாறினேன். சேவை தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன் இந்த நாள் கணக்கைக் கேளுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் படம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். சில சேவைகளில் அந்த டிஸ்க்கைக் குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை இணைக்காவிட்டால், நீங்களே அழித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அங்கேயும் நகலை நீக்கிவிடுவார்கள்.

உண்மையான சோதனை 2022 ஆகஸ்டில் வந்தது. டெஸ்க்டாப் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு செத்தது. பேக்கப்பில் 1.1 டிபி, அதாவது 1,100 ஜிபி இருந்தது. டிஸ்க்கில் எழுதி அனுப்பும் வசதி உண்டு, ஆனால் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், சுங்கம் வேறு. இறக்கிக்கொள்ள முடிவு செய்தேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நாளில் முடியவேண்டிய வேலைக்கு எட்டு நாள் ஆனது. பல படங்களை ஒன்றாகக் கட்டித் தரும் பெரிய ஜிப் ஃபைல்கள் பாதியில் அறுந்தன. பிறகு வருட வாரியாக 50 ஜிபிக்குள் பிரித்துக் கேட்டேன், சரியாக வந்தது.

வந்தவற்றைத் திறந்தால் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் புரியாத குறிகளாக நின்றன. வேறொரு மென்பொருளில் ஜிப்பைப் பிரித்தபோது பெயர்கள் திரும்பின, ஆனால் அந்த அரை மணி நேரம் மறக்காது. அதைவிடப் பெரிய பாடம் தேதியில் கிடைத்தது. கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி எக்ஸிஃப் விவரமாகப் பதிந்திருக்கும், அது அப்படியே வந்தது. ஸ்கேன் செய்த படங்களில் அப்படி எதுவும் இல்லை. 1974 பாட்டியும் 1988 கல்யாணமும் 2022 ஆகஸ்ட் என்று வரிசையில் போய் நின்றன. இப்போது ஸ்கேன் படங்களுக்கு ஃபைல் பெயரிலேயே வருடத்தை முதலில் எழுதுகிறேன். அந்த நான்கு எழுத்து எந்தச் சேவை மாறினாலும் கூடவே வரும். கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் (கூகுளில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் வசதி) மூலம் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஆப்பில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இருக்காது, பக்கத்தில் வரும் ஜேசன் என்ற சின்ன எழுத்து ஃபைலில் இருக்கும். குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் அவற்றைப் படத்துக்குள் சேர்க்கலாம்.

எந்தச் சேவையும் ஆயுள் சந்தா அல்ல. கூகுள் போட்டோஸ் 2015இல் வரம்பில்லாமல் இலவசமாக வந்தது, 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் சேர்ந்தன. போட்டோ தளமான ஃபிளிக்கர் 2013இல் 1 டிபி இலவசமாகத் தந்து, 2018இல் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று அறிவித்தது. கிராஷ்பிளான் என்ற பேக்கப் நிறுவனத்தின் வீட்டுச் சேவை 2018இல் நின்றது, அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. என் சந்தாவும் இப்போது 99 டாலர், ரூபாயில் 8,500க்கு மேல் வருகிறது. 2021 அக்டோபரில் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் விதி மாறியபோது என் புதுப்பிப்பு நின்றுபோய், அதற்கு வந்த மின்னஞ்சலை மூன்று வாரம் கழித்தே பார்த்தேன். அன்றிலிருந்து புதுப்பிக்கும் தேதி சமையலறைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறது. ஆன்லைனை மட்டும் நம்பவும் இல்லை. வருடா வருடம் தீபாவளிக்கு அக்கா வரும்போது ஒரு டிஸ்க் கோவைக்குப் போகும், பழைய டிஸ்க் இங்கே வரும். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில் என்ற 3-2-1 வழக்கம் எங்கள் வீட்டில் இப்படி நடக்கிறது.

கொடுக்கிற பணம் தகுமா என்று அக்கா கேட்டாள். மாதம் எழுநூறு ரூபாய் எனக்குத் தகும். போன் படங்கள் மட்டும் உள்ளவர்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை, சிறிய கிளவுடுத் திட்டமும் ஒரு வெளி டிஸ்க்கும் போதும். குறியாக்கச் சாவியை (படங்களைப் பூட்டித் திறக்கும் கடவுச்சொல்) நீங்களே வைத்துக்கொள்ளும் வசதியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள், அது தொலைந்தால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. என் சாவி ஒரு கவரில் அக்காவிடம் இருக்கிறது. கணக்கை நீண்ட நாள் யாரும் தொடாவிட்டால் நாம் சொன்னவருக்குத் திறந்துவிடும் செயலற்ற கணக்கு நிர்வாகி என்ற கூகுள் வசதியில் மகளின் பெயரைப் பதிந்திருக்கிறேன். நான் இல்லாமல் போனாலும் படங்கள் அவளுக்குக் கிடைக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை போகியன்று ஏதாவது ஒரு ஃபோல்டரை இறக்கித் திறந்து பார்க்கிறோம். இந்த வருடம் மகள் 2013ஐத் தேர்ந்தெடுத்தாள். 1,846 படங்களும் வந்தன, எல்லாம் திறந்தன. மன்னார்குடியில் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் ஸ்கேன் ஆகாத படங்கள் இருப்பதாகப் பெரியம்மா சொல்கிறார். தாத்தா படம் ஒன்றும் இருக்கிறதாம். மே விடுமுறைக்கு ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போகிறேன்.