தொடக்கநிலை ஓவியருக்கு ஏற்ற பென் டேப்லெட் எது?

டிஜிட்டல் ஓவியம் கற்கத் தொடங்குபவர் திரையுள்ள டேப்லெட்டுக்காகப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தும், திரையில்லாத பென் டேப்லெட்டே போதும். கை ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருப்பது முதலில் குழப்பினாலும், தொடர்ந்து வரைந்தால் பழகிவிடும்.

விலை குறைந்தவற்றுள் 'ஒன் பை வாகாம்' சிறிய மாடலில், பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பிரித்தறியும் அழுத்த நிலைகள் 2048 மட்டுமே உள்ளன. அடிக்கடி பயன்படுத்தும் கட்டளைகளுக்கான குறுக்குவழிப் பொத்தான்கள் இல்லை. ஹுயான் எச்640பி 8192 அழுத்த நிலைகளையும் 6 பொத்தான்களையும் தருகிறது. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2, 10 அங்குல அகலமும் 6.25 அங்குல உயரமும் கொண்ட வரைபரப்புடன், பேனாவின் சாய்வையும் உணர்கிறது. இம்மூன்றின் பேனாக்களுக்கும் மின்கலம் தேவையில்லை.

விளம்பரங்கள் பெரிதுபடுத்தும் அழுத்த நிலைகளின் எண்ணிக்கையைத் தொடக்கநிலையில் பொருட்படுத்த வேண்டாம். 2048-க்கும் 8192-க்கும் உள்ள வேறுபாட்டைப் பழகாத கை உணர்வது அரிது. வரைபரப்பின் அளவே உண்மையில் முக்கியம். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைபவருக்குச் சிறிய பலகை போதும். தோளிலிருந்து நீண்ட கோடுகளை இழுக்க விரும்புபவருக்கு, அதுவும் பெரிய திரையில் வேலை செய்பவருக்கு, கையின் சிறு நடுக்கம்கூடத் திரையில் பெரிதாகித் தெரியும் என்பதால் சிறிய பலகை நெருக்கடியாகவே இருக்கும். ஆகவே, மேசையில் இடமிருந்தால் டெகோ 01 வி2-வையே பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும், பழைய டேப்லெட்டின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கணினியில் இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்தாவிட்டால், வட்டம் வரைந்தால் நீள்வட்டமே கிடைக்கும். வரையும் மென்பொருளுக்கு இலவசமான கிருதா போதுமானது.